ஆறு பாகமும் ஒரு மடக்குக் கசப்பும்

குன்னூரில் ஐப்பசி பிறந்துவிட்டால் பூஞ்சையிடமிருந்து தப்புகிற பொருட்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று எரிகிற அடுப்பு. மற்றது ஜெஸிந்தா டீச்சரின் நாக்கு. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டீச்சரின் கணவர் சில்வஸ்டர். சொன்ன அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைத்ததா என்பது வேறு விஷயம். சொன்னதில் பிசகு இல்லை. செருப்பில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பூஞ்சை. ஒரு வருஷம் சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவுக்குள் ஈரம் புகுந்து, மாப்பிள்ளைக்கு மட்டும் வெள்ளைத் தாடி முளைத்துவிட்டது. பெண் அப்படியே இருந்தாள்.

சில்வஸ்டர் முப்பத்தாறு வருஷம் எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்தவர். இலையை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காயவைத்துத் தூளாக்குகிற வரைக்கும் முழுப் பொறுப்பும் டீமேக்கருடையது. அந்த வேலையை விட்டபோது அவருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: ‘ஓயாக்காற்று’.

அது ஒரு விஞ்ஞானக் கதை. ஆறு பாகம், மூவாயிரத்து நானூறு பக்கம். எங்கோ ஒரு கோள். அங்கே காற்று நிற்பதே இல்லை. அதில் ராஜ்யங்கள், யுத்தங்கள், புதுசு புதுசாக மதங்கள். பதிப்பகம் மூடி வெகுகாலமாயிற்று. கோயமுத்தூர் பழைய புத்தகக் கடைகளில் ஒன்பது வருஷம் அலைந்து ஒவ்வொரு பாகமாகப் பிடித்தார் சில்வஸ்டர். நான்காம் பாகம் கிடைத்த அன்று, அரசாங்க பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு முதல் மூன்று பாகக் கதையையும் சொல்லிக்கொண்டே வந்ததில், அந்த மனுஷர் மேட்டுப்பாளையத்தில் இறங்க வேண்டியவர், குன்னூர் வரைக்கும் வந்துவிட்டார்.

இப்போது அந்த ஆறு பாகத்துக்கும் பூஞ்சை கண்டுவிட்டது. முதல் பாகத்தின் முதுகில் வெள்ளைப் புள்ளி. ஐந்தாம் பாகத்தைத் திறந்தால் ஊறவைத்த கொள்ளு வாசம். மலையில் புத்தகத்தைக் காப்பாற்ற ஒரே வழி, பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டு அந்தச் சூட்டில் வைப்பது. சில்வஸ்டர் வீட்டு பீரோவிலும் பல்பு எரிகிறதுதான். ஆனால் அங்கே ஜெஸிந்தாவின் பட்டுப்புடவைகள் குடியிருக்கின்றன. அவற்றை நகர்த்தச் சொல்லும் தைரியம் மூவாயிரத்து நானூறு பக்கத்தில் வரும் எந்த வீரனுக்கும் கிடையாது.

மிச்சமிருந்தது வாசகர் வட்டத்து பீரோ. வட்டம் என்றால் பெரிசாக நினைக்க வேண்டாம், நாலே பேர். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆயம்மாளின் ஸ்வெட்டர் கடை மாடியில் கூடுவார்கள். பீரோ ஆயம்மாளுடையது, பல்பு ஆயம்மாளுடையது, ஆகவே சட்டமும் ஆயம்மாளுடையது.

“நாலு பேருக்கும் பிடிச்ச புஸ்தகத்துக்குத்தான் நான் சூடு குடுப்பேன். ஒருத்தர் கை தூக்கலீன்னாலும் அது கீழதான் கிடக்கோணும்” என்பது அந்தச் சட்டம். வருஷத்துக்கு ஒரு தடவை, அடைமழைக்கு முந்திய சனிக்கிழமையில் கை தூக்குதல். இந்த வருஷம் பீரோவில், பழைய கலைக்களஞ்சியம் ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போனதால், அளவெடுத்து வெட்டினாற்போல ஆறு பாகத்துக்கு இடம் காலியாக இருந்தது.

அந்த இடத்தின் மேல் நல்லசாமியும் கண் வைத்திருந்தார். நல்லசாமி டீ ஏலக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் ருசி பார்த்தவர். நாளொன்றுக்கு நானூறு கோப்பை. ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சுவார், நாக்கில் உருட்டுவார், துப்புவார், அடுத்த கோப்பைக்கு நகர்வார். நீலகிரியின் மொத்த டீயும் அவர் வாய்க்குள் போய் வந்திருக்கிறது. ஒரு சொட்டும் தொண்டையைத் தாண்டியதில்லை. வீட்டில் காப்பிதான். படிப்பது துப்பறியும் கதைகள். அவற்றை பைண்டு பண்ணி, பீரோவில் வைக்கத் தயாராக வைத்திருந்தார்.

இரண்டு வருஷமாக ‘ஓயாக்காற்று’க்கு எதிராக ஒற்றைக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். மற்ற இரண்டு பேரும், ஜெஸிந்தாவும் ஆயம்மாளும், திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் கை தூக்கிவிடுவார்கள்.

வோட்டுக்கு முந்தின சனிக்கிழமையும் அதே கச்சேரி. ஆசிரியரின் பெயர் அட்டையில் பெரிதாகத்தான் இருந்தது. வட்டத்தில் அவருக்கு ‘அந்த ஆள்’ என்றே பெயர்.

“காத்து எப்பவும் மேக்க இருந்து அடிக்குதுன்னு முதல் பாகத்துல சொல்றார் அந்த ஆள்” என்று ஜெஸிந்தா ஆரம்பித்தார். ஊட்டிப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர். “அப்ப மலைக்குக் கிழக்கால எப்படிங்க கொட்டுகொட்டுன்னு மழை பெய்யும்? மேக்கால பெஞ்சு தீர்ந்துராதா? ஆறாங்கிளாஸ் பையன் எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன்.”

“அது வேற கோளும்மா” என்றார் சில்வஸ்டர்.

“வேற கோள்னா? அங்க மேகத்துக்கு மலையில வழி விட்டிருக்காங்களா?”

ஆயம்மாள் பின்னல் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க டீச்சர். மூவாயிரத்து நானூறு பக்கம் காத்து அடிக்குது. ஒருத்தனாச்சும் ஒரு குல்லா போட்டானா? தொறந்தார்னு ஒரு மதமாம். காத்துதான் சாமியோட மூச்சாம், அதனால கதவு சன்னலைச் சாத்தவே மாட்டாங்களாம். குழந்தைகுட்டிக்குச் சளி பிடிக்காதுங்களா? அந்தக் கோளுக்கு நான் ஒரு தடவை மூட்டை கட்டிட்டுப் போனா ஒரே நாள்ல அத்தனை ஸ்வெட்டரும் வித்துட்டு வந்துருவேன்.”

சில்வஸ்டருக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்றிருந்தது. தனக்குப் பிடித்த புத்தகத்தை நாலு பேர் நாலு பக்கமும் பிய்ப்பதைப் போல ஒரு சுகம் அவருக்கு வேறெதிலும் கிடையாது. அவர் பங்குக்கு அவரும் பிய்த்தார்.

“என்னைக் கேட்டா அந்த ஆளுக்குச் சாப்பாட்டு ஞானம் பத்தாது. மூணு மதம், பதினொரு தீர்க்கதரிசி, நாப்பத்திரண்டு திருவிழா. ஒரு திருவிழாவிலயாவது சோறு போட்டானா? அது போகட்டும். சாமி ஊர்வலம் வந்தா எல்லாரும் சத்தமில்லாம வரிசையா நிக்கிறாங்களாம். வரிசை! எங்க சர்ச்சுல சப்பரத்தோட முன்கொம்பை யார் பிடிக்கிறதுன்னு ஏழு வருஷமா சண்டை. ஒரு தடவை இருபத்திரண்டு பேர் ஒரே கொம்பைப் பிடிச்சதுல, புனிதர் தானா எறங்கி நடந்து போயிரலாமான்னு யோசிச்சார். நானே பார்த்தேன்.”

“பார்த்தீங்க” என்றார் ஜெஸிந்தா.

“ஆனா கயித்தார் மதம் இருக்கே, அதுக்கு அந்த ஆள் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம்” என்றார் சில்வஸ்டர். கயிற்றார் என்பவர்களுக்குக் காற்று என்பது ஓடிப்போகிற சாமி. அது தங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடாமலிருக்க ஒவ்வொருவரும் இடுப்பில் கயிறு கட்டி வீட்டுத் தூணில் முடிந்திருப்பார்கள். பெரிய மனிதர்களுக்கு ஊரெல்லைவரை கயிறு; கூலிக்காரர்களுக்கு வாசல்வரை. “நம்ம எஸ்டேட்தான் அது, அப்படியே! கல்யாணம்னா ரெண்டு கயித்தையும் சேர்த்து முடிச்சுப் போடுறது.”

“அவுக்கறதுக்கு வழி சொல்லியிருக்காரா?”

“இல்லியே.”

“அப்ப நிஜமான மதந்தான்” என்றார் ஜெஸிந்தா. ஆயம்மாளின் பின்னலில் இரண்டு கண் தவறுகிற அளவுக்குச் சிரிப்பு.

நல்லசாமி மட்டும் சிரிக்கவில்லை. மப்ளரை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு சொன்னார்: “ஏனுங்க சில்வஸ்டர், நீங்க சோறு, சப்பரம்னு எதெதையோ பேசறீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது மேஜை மேல உக்காந்து எழுதின சாமிங்க. மாரியம்மன் கோயில்ல நெருப்புப் பூவோடு எடுக்கறப்ப என்ற கை நடுங்கும். சுடறதுக்கு நடுங்கறதில்லீங்க, அவ பாக்கறான்னு நடுங்கறது. அந்த ஆள் எழுதின சாமிக்கு எவனுங்க பயப்படுவான்? புஸ்தகத்தை மூடினா சாமியும் மூடிப்போச்சு. எவனாச்சும் ஒருத்தன், ஒரே ஒருத்தன், அதுக்குப் பயந்து ஒரு காரியம் பண்ணினான்னு காட்டுங்க. அன்னிக்கு நான் கை தூக்கறேன்.”

சில்வஸ்டர் வாயடைத்துப் போனார். அப்படி அவர் வாயடைத்தது வரலாற்றில் இரண்டாவது தடவை. முதல் தடவை ஞானஸ்நானத்தின்போது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். பயத்தைக் காட்ட முடியாது. ருசியைக் காட்டலாம் அல்லவா? மூன்றாவது மதம் கசப்பர்களுடையது. காற்று நுழையாத குகைகளில் இருப்பவர்கள். ஓர் இலையை மூன்று மணி நேரம் காய்ச்சிக் குடிப்பார்கள். நாக்கில் நிற்கிற அந்தக் கசப்புதான் அவர்களுக்குச் சாமி. செய்முறை மூன்றாம் பாகத்தில் வரி வரியாக இருந்தது. நல்லசாமி என்ன இருந்தாலும் நாக்கை வைத்துப் பிழைத்தவர். ‘இந்த ஆளுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு’ என்று அந்த நாக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கை தானாக மேலே போகும்.

இலைக்குப் பஞ்சமில்லை. வேலியோரத்தில் டீச்செடி நின்றது. ஃபாக்டரிக்கு வந்தால் அவரே திருப்பியனுப்பியிருக்கக்கூடிய முற்றிய முரட்டு இலையாகப் பார்த்துக் கிள்ளினார். ஒரு நாள் வாட்டினார், உள்ளங்கையில் வைத்து உருட்டினார், புளிக்க விடவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் இட்லிப் பாத்திரத்தில் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டார். அரை மணியில் பச்சை, ஒரு மணியில் பழுப்பு, இரண்டு மணியில் ரயில்வே கிரீஸ். மூன்றாவது மணி முடியும்போது கரண்டி பாத்திரத்துக்குள் யார் உதவியுமில்லாமல் நிமிர்ந்து நின்றது. வாசத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் வேறு தெருவுக்குக் குடிபோயிற்று.

“என்ற இட்லிச் சட்டி!” என்றார் ஜெஸிந்தா.

“ஆறு பாகத்தோட உசுரு இதுலதான் இருக்கு ஜெஸி. சட்டியைக் கழுவிக்கலாம்.”

“இதைக் கழுவ முடியாதுங்க. அடக்கம்தான் பண்ணோணும்.”

மூன்று மணிக்கு ஸ்வெட்டர் கடை மாடியில் ஆறு பாகமும் ஃபிளாஸ்கும் நாலு கோப்பையுமாக நின்றார் சில்வஸ்டர். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூரை ஒழுகும் இடத்தில் ஆயம்மாள் ஒரு சிவப்பு வாளி வைத்திருந்தார். குகையில் காற்று கூடாது என்று சன்னலைச் சாத்தச் சொன்னார் சில்வஸ்டர். கோப்பைகளை நிரப்பி ஆளுக்கொன்று கொடுத்தார். பிறகு மூன்றாம் பாகத்தை, சர்ச்சுப் பூசை மேடையில் நிற்கிற சாமியாரைப் போலவே பிடித்துக்கொண்டு, கனத்த குரலில் படித்தார்:

“ஒரு மடக்கு எடு. வாயில் வைத்து ஏழு எண்ணு. உன்னைத் தேடி வந்திருக்கிறது, விழுங்கு. துப்பினால் அது போய்விடும். துப்பினவன் வீட்டில் அது பிறகு ஒருநாளும் தங்காது.”

நாலு பேரும் நாலு கோப்பையைப் பார்த்தார்கள். கோப்பையும் அவர்களைப் பார்த்தது.

வழிகாட்ட வேண்டியவர் என்ற முறையில் சில்வஸ்டர் முதலில் எடுத்தார். அங்கேதான் முப்பத்தாறு வருஷ ஃபாக்டரி அவருடைய வாய்க்குள் எழுந்து நின்றது. ஒவ்வொரு ஈட்டு டீயையும் ருசி பார்த்துத்தான் டீமேக்கர் வெளியே அனுப்புவார். அந்த வாய்க்கு மூன்றே வேலைதான் தெரியும். “சுர்ர்ர்ர்” என்று விசில் அடித்தாற்போல ஓர் உறிஞ்சல். நாக்கில் ஒரே ஒரு உருட்டல். மறுகணம் கால் தானாகப் பக்கவாட்டில் நகர, இடுப்பு தானாக வளைய, சிவப்பு வாளியில் “புளிச்”.

துப்பிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

“சேசுவே!” என்றார்.

“வந்த சாமியை வாளியில விட்டுட்டீங்களே டீமேக்கரய்யா” என்றார் ஆயம்மாள். ஜெஸிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு மடக்கை மருந்துபோல முழுங்கிவிட்டு, “ராகிக்களி தொண்டையில சிக்கின மாதிரி இருக்கு” என்று தண்ணீர் தேடினார். ஆயம்மாள் உதட்டை நனைத்ததோடு சரி. தனக்கு பிரஷர் இருப்பதாக அறிவித்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் சில்வஸ்டர். அந்த மதத்தின் ஒரே வக்கீல், அந்த மதத்தைப் பகிரங்கமாகத் துப்பிவிட்டார். இனி நல்லசாமியிடம் என்ன சொல்வது? மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

நல்லசாமியின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. எப்போது எடுத்தாரோ, யாரும் கவனிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் அவரையும் விடவில்லை. வாளியை நோக்கி நடந்தார். வாளிக்கு மேல் குனிந்தார். ஒரு நாளைக்கு நானூறு தடவை குனிந்த குனிவு அது. அச்சுப் பிசகாமல் வந்தது.

குனிந்தவர் அப்படியே நின்றார்.

மழைச் சொட்டு ஒன்று வாளியில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. நல்லசாமி துப்பவில்லை. மெல்ல நிமிர்ந்தார். இடது கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. வலது கையில் கோப்பை இருந்ததால் அதன் விளிம்பிலிருந்து இரண்டு விரலை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தார். ஆறு. கோப்பை கிடுகிடுவென்று ஆடி, சட்டைமேல் ஒரு துளி சிந்திற்று. ஏழு.

தொண்டைக்குழி ஏறி இறங்கிற்று.

அந்தச் சத்தம் ஊட்டி வரைக்கும் கேட்டிருக்கும் என்று சில்வஸ்டர் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். அந்த நேரத்தில் மூச்சை விட்டுவிட்டு, சின்னக் குரலில் கேட்டார்: “நல்லசாமியண்ணா, ஏனுங்க முழுங்கினீங்க?”

“பின்னே? துப்பக்கூடாதுன்னு போட்டிருக்குதில்லீங்க.”

“எங்க போட்டிருக்கு?”

“இப்பத்தானே நீங்களே படிச்சீங்க.”

“யார் போட்டது?”

நல்லசாமி மப்ளரைச் சரி செய்தார். ஜெஸிந்தாவைப் பார்த்தார், ஆயம்மாளைப் பார்த்தார். இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்கள்.

“அந்த ஆள்” என்றார் கடைசியில், தன்னையே பிடித்துக்கொடுக்கிற சாட்சியைப் போல.

“அண்ணா, உங்க கை நடுங்குச்சு.”

“குளிருங்க.”

“சன்னல் சாத்தியிருக்கு” என்றார் ஆயம்மாள். “நீங்க போட்டிருக்கறது என்ற கடை ஸ்வெட்டரு. குளிரும்னு வெளிய சொல்லிப்போடாதீங்க.”

சில்வஸ்டருக்குத் தலைகீழாக நிற்க வேண்டும் போலிருந்தது. அறுபத்தெட்டு வயதும் ஒரு பக்க முழங்காலும் ஒத்துழைத்திருந்தால் நின்றிருப்பார். ஆனாலும் ஜெயித்தேன் என்று கூவவில்லை. நல்லசாமி முகத்தில் இருந்தது தோற்றவரின் முகம் இல்லை. காசு போடாமலே எடை மெஷினிலிருந்து சீட்டு வந்துவிட்டவரின் முகம். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

நல்லசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தார். வாய்க்குள் என்னமோ நடந்துகொண்டிருந்தது.

“போக மாட்டேங்குதுங்க” என்றார். “அப்படியே நிக்குது. கடைசியில லேசா இனிப்பு வேற தட்டுது. முப்பத்தெட்டு வருஷமும் அதுக்கு முன்னாடியே துப்பிப்போட்டேன் போல.”

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏலத்தில் கடைசி விலையைச் சொல்கிற தோரணையில் பேசினார்.

“இங்க ஒரு சிக்கல் இருக்குதுங்க. சில்வஸ்டர் துப்பிட்டார். நாம மூணு பேரும் சாட்சி. துப்பினவன் ஊட்டுல அது ஒருநாளும் தங்காது. அப்படியிருக்க இந்த ஆறு பாகத்தை அவர் ஊட்டுக்குத் திருப்பியனுப்பறது பெரிய தப்பு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது? இங்கயே பீரோவுல வெச்சுப்போடறதுதான் முறை.”

சொல்லிவிட்டு, கோப்பை இல்லாத கையை முழு நீளத்துக்கும் தூக்கினார். அடுத்து ஆயம்மாளின் கை, பின்னல் ஊசியோடு. “கெழக்கால மழை பெய்யறது தப்புதான், இருந்தாலும் அந்தக் கயித்துக்காக” என்று ஜெஸிந்தாவின் கை. சில்வஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்று செல்லாது என்று ஆயம்மாள் இறக்கச் சொன்னார்.

“அப்ப உங்க துப்பறியும் கதைங்க அண்ணா?” என்று கேட்டார் சில்வஸ்டர். நிஜமான கரிசனத்தோடுதான் கேட்டார்.

“அதுல கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரியும். பூஞ்சையும் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.”

ஆறு பாகத்தையும் துடைத்து, வரிசையாக அடுக்கி, பீரோவைப் பூட்டிவிட்டு நாலு பேரும் படியிறங்கினார்கள். படி பாதியில் ஜெஸிந்தா நின்றார்.

“எனக்கு ஒரு சந்தேகம். காத்தே நுழையாத குகைன்னு சொல்றார் அந்த ஆள். அதுக்குள்ள மூணு மணி நேரம் அடுப்பு எரிச்சா, புகை எங்கிட்டு போகும்? எல்லாரும் மூச்சு முட்டிச் செத்திருக்க வேண்டாமா?”

சில்வஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நல்லசாமி சரேலென்று திரும்பினார்.

“டீச்சர், எதையும் முழுசாப் படிச்சுட்டுப் பேசோணும். குகைக்கு மேல ஓட்டை இருக்குதுங்க. அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து புகையை உறிஞ்சிக்கும். உள்ளார நுழையறதுதான் காத்துக்குத் தடை. வெளிய இழுக்கறதுக்கு என்னங்க தடை?”

“அது எந்தப் பாகத்துல வருது?”

“எதுலயோ வருது. வராட்டியும் அவங்களுக்குத் தெரியாதா? தலைமுறை தலைமுறையாக் குடிக்கறாங்க!”

இரண்டு பேரும் குடையை விரிக்கக்கூட மறந்து பேசிக்கொண்டே தெருவில் இறங்கினார்கள். காலி ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நனைந்தபடி நடந்தார் சில்வஸ்டர். ‘ஓயாக்காற்று’க்காக அவர் வாயைத் திறக்கவே தேவையில்லாமல் போன முதல் சனிக்கிழமை அது. அந்தக் குகைக்கு ஓட்டையே கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை.